கை கொடுத்த பிறகு

திங்கட்கிழமை தலைமையாசிரியை சமாதானம் செய்து வைத்தார். அன்றிலிருந்து என் மகள் சாருலதாவின் கை ரித்தீஷின் கையை விட்டு வரவில்லை. அதனால் ரித்தீஷும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான்.

இருவரும் மூன்றாம் வகுப்பு. பள்ளி திறந்ததிலிருந்தே அவன் அவளைக் கிள்ளிக்கொண்டிருந்தான். பென்சில் முனைகளை உடைத்தான். கரிச்சட்டி என்று கூப்பிட்டான். அவன் கூப்பிட்டதும் வகுப்பே கூப்பிட்டது. நான் போய்ப் புகார் சொன்னேன். தலைமையாசிரியை இருவரையும் வரவழைத்து, "ஸாரி சொல்லு, கை குடு, ஃப்ரெண்ட்ஸ் ஆயிடுங்க" என்றார். கொடுத்தார்கள். ஒட்டிக்கொண்டது.

ஒட்டியது வலது கையோடு வலது கை. எதிரும் புதிருமாக. ஒருவர் முன்பக்கமாக நடந்தால் மற்றவர் பின்பக்கமாக நடக்க வேண்டும். சாருதான் பின்பக்கமாக நடக்கிறாள்.

தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இன்னும் இறுகியது. என் கணவர் கடைக்குப் போய் இன்னொரு தட்டு வாங்கி வந்தார். "பசங்கன்னா அப்படித்தான் இருக்கும். சரியாயிடும், விடு" என்றார். ரித்தீஷின் அம்மா போன் செய்தாள். மகனைக் கேட்டு அழப் போகிறாள் என்று நினைத்தேன். "அவன வெந்நீர்லதாங்க குளிப்பாட்டணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவன் இன்னமும் கிள்ளுகிறான், இடது கையால். முன்பெல்லாம் அதற்கு அவளைத் தேடி வர வேண்டியிருந்தது. இப்போது அந்த அலைச்சலும் மிச்சம்.

சாரு அழவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டாள். சோற்றை இடது கையால் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

வாசலில் வாட்ச்மேன் நிறுத்தினார்.

"என்ன விஷயம்மா? பீஸா, கம்ப்ளைன்ட்டா?"

"கம்ப்ளைன்ட்."

"அப்ப தண்ணி பாட்டில் எடுத்துக்குங்க."

பீஸ் கட்டப் போகும்போது அந்த வராந்தா நாலு எட்டுதான். புகார் என்றால் நீளும். நடக்க நடக்கத் தலைமையாசிரியையின் அறை தள்ளித் தள்ளிப் போனது. இருபுறமும் வகுப்பறைகள். எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பிள்ளை கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. நல்ல கட்டுப்பாடான பள்ளி என்று ஊரில் பெயர். நாங்களும் அதைக் கேட்டுத்தான் சேர்த்தோம்.

அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாட்டில் காலியாகிவிட்டது. தலைமையாசிரியை கனகவல்லி மேடம் என்னைப் பார்த்ததும் மலர்ந்தார்.

"பாத்தீங்களா, எவ்வளவு ஒத்துமையா இருக்காங்க!"

"ஒட்டிக்கிட்டு இருக்காங்க மேடம். அவன் கிள்றான்."

"ஃப்ரெண்ட்ஸ்தானே? தெரியாத புள்ளை கிள்ளினாத்தான் தப்பு."

"எம்பொண்ணு ஏன் பின்னாடியே நடக்கணும்?"

"அவதானேம்மா கம்ப்ளைன்ட் குடுத்தது."

வகுப்பாசிரியை பிரிசில்லா மிஸ்ஸைக் கூப்பிட்டு அனுப்பினார். மிஸ் வந்து சுவரைப் பார்த்தபடி நின்றார். போர்டில் எழுதி எழுதி அவருக்கு உடம்பு அப்படியே நின்றுவிட்டதாம். முகம் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்கே தெரியாது.

"அவன் கிள்ளுனத நீங்க பாத்தீங்களா மிஸ்?" என்று மேடம் கேட்டார்.

"நான் பாக்கல மேடம்."

"க்ளாஸ் டீச்சரே பாக்கலங்கறாங்க. அப்புறம் எப்படி நடந்திருக்கும்?"

ரித்தீஷ் அப்போதும் கிள்ளினான். சாரு உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் பார்த்தேன். மேடமும் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் திரையைச் சரிசெய்தார். எனக்கு அந்தத் திரையைப் பிய்த்தெறிய வேண்டும்போல் ஆத்திரம் வந்தது.

"பிரிச்சு விடுங்க மேடம்."

"சேத்து வைக்கத்தாம்மா எங்களுக்கு டிரெய்னிங் குடுத்திருக்காங்க. பிரிக்கல்லாம் ஆளில்ல."

"அப்ப நான் சும்மா விட மாட்டேன்."

"பாத்தீங்களா, இப்ப உங்களுக்கும் எனக்கும் மனஸ்தாபம் வந்திருச்சு" என்றார் மேடம். எழுந்து, மேசைக்கு மேலாகக் கையை நீட்டினார். "எதுக்கு வம்பு? கை குடுங்க."

பியூன் போட்டோ எடுக்கத் தயாராக நின்றார். மேசை அகலமாகிக்கொண்டே போனது. கையும் அதற்கேற்ப நீண்டு வந்தது. வெள்ளையான, சுத்தமான கை. என் கை தானாக மேலே எழுந்தது. பெரியவர்கள் நீட்டினால் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் என்னையும் வளர்த்திருந்தார்கள்.

"அம்மா, குடுக்காத!"

சாருவின் குரல். அவ்வளவு சத்தம் அவளிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பிரிசில்லா மிஸ்ஸின் தோள்கள் துள்ளின.

நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். மண்டியிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அன்னிக்கு அவனுக்குக் கை குடுக்க உனக்கு இஷ்டமாடி?"

"யாரும் கேக்கல."

"நான் கேக்கறேன்."

அவள் ரித்தீஷைப் பார்த்தாள். தலைமையாசிரியையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"இல்ல. அவன் ஸாரியும் சொல்லல. மேடம்தான் சொன்னாங்க."

கை வந்துவிட்டது. பிளாஸ்திரியை உரிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. அவள் உள்ளங்கை சிவந்திருந்தது. ரேகைகளில் பாதி இல்லை. ரித்தீஷ் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். அவள் ரேகைகள் அங்கே இருந்தன. அவன் ஓவென்று அழ ஆரம்பித்தான்.

அறை நிறைந்துவிட்டது. எங்கெங்கிருந்தோ ஆசிரியைகள் ஓடி வந்தார்கள். ஒருவர் அவனுக்கு விசிறினார். ஒருவர் சாக்லேட் கொடுத்தார். பிரிசில்லா மிஸ்கூடத் திரும்பிவிட்டார். அவருக்குச் சாதாரண முகம்தான்.

"பாருங்க, புள்ளை எப்படி அழுவுதுன்னு! இப்ப சாருமேலதான் கம்ப்ளைன்ட்" என்றார் தலைமையாசிரியை.

எனக்கும் அந்தப் பையன்மேல் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவப்படுகிற ஆட்கள் அங்கே ஏற்கெனவே நிறைய இருந்தார்கள். பள்ளி திறந்ததிலிருந்து இத்தனை பேரும் எங்கே போயிருந்தார்கள்? கேட்டேன். கத்தித்தான் கேட்டேன்.

"மெதுவா பேசுங்க. குழந்தைங்க படிக்கிற இடம்" என்றார்கள்.

சாருவை அழைத்துக்கொண்டு வெளியே வந்தேன். தலைமையாசிரியையின் நீட்டிய கை மடங்கவில்லை. வராந்தா முழுக்க எங்கள் பின்னாலேயே வந்தது. கேட்டுக்கு வெளியே வந்ததும் கம்பிகளுக்கு நடுவில் விரல்களை அசைத்துக்கொண்டு நின்றது. வாட்ச்மேன் அதற்கு ஒரு வணக்கம் வைத்தார்.

எதிர்ப்பக்கம் போனால்தான் ஆட்டோ. பள்ளிக்கு முன்னால் இருக்கும் மெயின் ரோடு அன்று கண்ணுக்கெட்டிய வரை அகலமாக இருந்தது. லாரியும் பஸ்ஸும் நாலு திசையிலும் வந்தன. வழக்கம்போல் அவளுக்காகக் கையை நீட்டினேன்.

சாரு என் கையைப் பார்த்தாள். தன் கையைப் பாவாடைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"கை வேணாம்மா."

என் கையை இறக்கிக்கொண்டேன்.

"சரி. நீ முன்னாடி நட" என்றேன்.

அவள் முன்பக்கமாக நடந்தாள். பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். நான் பின்னால் போனேன். பஸ்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். லாரிக்காரர் தலையை வெளியே நீட்டித் திட்டினார். இன்னும் கடந்துகொண்டிருக்கிறோம். இன்னும் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும்.