பெருநாள் வெடி

என் பெயர் ஜெஸீல், வயது இருபத்துமூன்று, ஊர் கல்முனைக்குடி. இப்போது கட்டாரில், தோஹாவுக்கு வெளியே ஒரு கேம்பில் இருக்கிறேன். எனக்குக் கொம்பியூட்டரில் தமிழ் அடிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் அறையில் இருக்கும் சாமித்தம்பி அண்ணன் கொம்பியூட்டரில் அடிக்கிறார். அவர் எங்கள் ஊருக்குத் தெற்கே, அதே கடற்கரையில் உள்ள தம்பிலுவில்காரர்.

நோன்பு திறந்த கையோடு வீட்டுக்குக் கோல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். ஆமினா உம்மா, என் தாய், சந்தோசமாகத்தான் கதைத்தா.

"நூஹு வெடி கொண்டந்து வெச்சிரிக்கான் மனே. அரிசி வாளிக்குள்ள. அடுப்புக்கிட்டக் கொண்டுபோகாதீங்க எண்டு எனக்குச் சட்டம் வேற."

நூஹு என் தம்பி, தோணிக்காரன்; அண்ணனான என்னைக் காக்கா என்பான். சண்டைக் காலத்தில் பெருநாளைக்குக்கூட யாரும் வெடி கொளுத்தப் பயம். இந்த வருசம்தான் சண்டை முடிந்தது. அந்த ஆசையாக்கும் என்று சிரித்தேன்.

"எண்ட பேரிலயும் ஒண்டு போடச் சொல்லுங்க உம்மா."

உம்மா உள்ளே திரும்பிக் கத்தினா. "டேய், காக்காவும் போடட்டாம்!"

"காக்காவே சொல்லிட்டாரா? அப்ப நாளைக்கு அசர் தொழுதிட்டுப் போட்டிருவம்!" நூஹுவின் குரல்தான். அதோடு லைன் அறுந்துவிட்டது.

சாமித்தம்பி அண்ணன் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தார். "பெருநாளைக்கு இன்னும் ஒரு கிழமை கிடக்கேடா. நாளைக்கு எங்க போடப் போறான் உண்ட தம்பி?"

"விளையாட்டுக்குச் சொல்றான் அண்ணே."

"தோணிக்காரன் வெடி போடுற எண்டா என்னடா? கடற்கரையில பிறந்த உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

டைனமைட்; கடலில் போட்டு மீன் பிடிக்கிற வெடி. நான் அதற்குத்தான் ஓம் என்று சம்மதம் சொல்லியிருக்கிறேன்.

திரும்பத் திரும்பக் கோல் அடித்தேன். வீட்டில் உள்ளது உம்மாவின் போன் மட்டும்தான். அது ஓஃப்.

சுனாமிக்குப் பிறகு எங்களுக்குச் சோறு போட்டது கடலுக்குள் கிடக்கும் கல்லுப்பார் என்கிற பாறைத்திட்டு. எங்கள் ஆட்களும் தம்பிலுவில் ஆட்களும் அங்கே தூண்டில் மட்டும்தான் போடுவது என்று பேச்சு; வலைகூட இறக்குவதில்லை. குஞ்சு மீன் வளர்வது அந்தப் பாறை இடுக்கில்தான். ஒரு வெடி போட்டால் ஒரு நாள் தோணி நிறையும். கொழும்பு ஐஸ் லொறிக்காரன் கேள்வி கேட்காமல் ஏற்றுவான். பாறை உடைந்த பிறகு மீன் எங்கே வந்து இருக்கும்? வெடி கையிலேயே வெடித்தால்? நேவி பிடித்து எங்கிருந்து வெடிமருந்து என்று கேட்டால், இந்தக் காலத்தில் யார் அவனை வெளியே எடுப்பது?

"எண்ட தம்பி நிதர்சனும் அந்தக் கல்லுப்பாருக்குத்தான் போறவன்," என்றார் அண்ணன். "நாளைக்கும் நிப்பான்." கொம்பியூட்டரைத் திறந்து இந்த மெயிலை அடிக்கத் தொடங்கினார்.

விடிந்தால் எங்களை வேலைக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் எங்கள் ஒழுங்கையில் றாஹிலா நடத்தும் கொமினிகேசன் கடைக்கு இந்த மெயில் வருகிறது. காலையில் கடை திறந்ததும் இதை வாசிப்பது றாஹிலாவோ வேறு யாரோ, எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும், வாசிக்கும் அன்றைக்கே பின்னேரம் அசருக்கு முதல் எங்கள் வீட்டுக்குப் போங்கள். காக்கா இதற்கு ஓம் சொல்லவில்லை என்று நூஹுவிடம் சொல்லுங்கள். அவனைத் தோணி தள்ள விடாதீர்கள்.