இரண்டாவது விளக்கு

அந்தமானில் சாத்தத்துக்கும் பம்பூஃப்ளாட்டுக்கும் இடையே ஓடிய பயணிகள் படகில் சுக்கான் பிடிக்கும் சாரங்கு சொக்கலிங்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் வருஷம், மழை விட்ட ஒரு காலையில் அவர் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்தார். கப்பலில் வந்த பழைய மெட்ராஸ் பேப்பர், பொடி எழுத்து. அதே குஷியில் மனைவி இந்திராணியின் ஊசியை வாங்கி, ஒரே தடவையில் நூல் கோத்துக் கொடுத்தார்.

இஞ்சின் பார்க்கும் அலி அக்பர் விடவில்லை. "அண்ணனுக்கு வயசு திரும்புது. அண்ணிகிட்ட சொல்லி வைக்கணும்."

"பொறாமைடா உனக்கு. அந்த சஷ்மாக் கண்ணாடிய நீயே போட்டுக்க."

கண்ணுக்குள் நடந்தது வேறு. கருமணிக்குப் பின்னால் பளிங்கு போல ஒரு வில்லை இருக்கிறது. அதில் ரத்தம் ஓடாது. ஓடினால் வெளிச்சத்தை மறைத்துவிடும். அதை நிரப்பியிருப்பது புரதம். நடுவிலுள்ள புரதம் தாயின் வயிற்றிலேயே உண்டானது. கெட்டால் மாற்று வராது. நெருக்கமாக, ஒழுங்காக இருக்கும்வரை வெளிச்சம் தடையின்றிப் போகும். வருஷக்கணக்கில் வெயில் பட்டால் அதன் மடிப்பு அவிழும். அவிழ்ந்த ஒன்று பக்கத்திலிருப்பதைப் பற்றிக்கொள்ளும், அது இன்னொன்றை. சட்டியில் முட்டையின் வெள்ளைக்கரு இறுகுமே, அப்படி. ஆனால் தீயே இல்லாமல், ஒரு ஆயுசு எடுத்துக்கொண்டு. நடு இறுகினால் வில்லை வெளிச்சத்தைக் கூடுதலாக வளைக்கும். அப்போது கிட்டத்து எழுத்து தெளியும், தூரம் கலங்கும். சொக்கலிங்கம் வரமென்று நினைத்தது அந்த இறுக்கத்தைத்தான்.

படகுத்துறையின் பெட்ரோமாக்ஸ் விளக்கு இரண்டாகத் தெரிகிறது என்று அவர் சொன்ன அன்று, இந்திராணி அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள். மெயின்லேண்டிலிருந்து வந்த இளம் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் புரை, வில்லையின் நடுவில் தேன் நிறம் ஏறிவிட்டது என்றார். ஆபரேஷனுக்கு மெட்ராஸ் போக வேண்டும், சுக்கானை இன்றே விட்டுவிட வேண்டும் என்றார். சொக்கலிங்கம் ஒன்றுதான் கேட்டார்.

"ரெண்டா தெரியறதுல எது நிஜம், டாக்டர் சாப்?"

வில்லை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுகுவதில்லை, அதனால் ஒரு விளக்கின் வெளிச்சம் இரண்டு வழியாக வளைந்து விழுகிறது, மங்கலாகத் தெரிவது பொய் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

சுக்கான் வேலை போனால் ஃபீனிக்ஸ் பேயில் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ் வீடும் போகும். மெயின்லேண்டில் போய் இறங்க ஒரு வாசல் இல்லை. அன்றிலிருந்து சொக்கலிங்கம் சாயங்காலம் தோறும் பெட்ரோமாக்ஸ் ஏற்றி, எட்ட நின்று பழகினார். பொய் விளக்கு எப்போதும் வலப்பக்கமே நின்றது. அதைக் கழித்துவிட்டால் போதும் என்று இந்திராணியிடம் சொன்னார். "கழிச்சுக் கழிச்சு எத்தன நாளைக்குங்க?" என்றாள். அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் பழகியது பிரகாசமான விளக்கில். பொய் உருவத்துக்குப் போவது கொஞ்சம் வெளிச்சமே. பெட்ரோமாக்ஸில் அந்தக் கொஞ்சமே கண்ணில் பட்டுவிடும். மண்ணெண்ணெய்ச் சிமினி விளக்கில் அது இருட்டோடு போய்விடும். சிமினிக்குப் பொய் விளக்கு கிடையாது. இதை டாக்டர் சொல்லவில்லை. சொக்கலிங்கத்துக்குக் கேட்கவும் தோன்றவில்லை.

அன்று பம்பூஃப்ளாட்டிலிருந்து கடைசி டிரிப். பொழுது சாய்ந்து தண்ணீரும் வானமும் ஒன்றாகியிருந்தன. படகில் கூட்டம். அலி அக்பர் இஞ்சின் அறையிலிருந்து தலையை நீட்டினான்.

"அண்ணே, முன்னால டோங்கி."

"பாத்துட்டேன்."

மீன்பிடிக்கும் தோணியில் ஏற்றும் சிமினி விளக்குகள், இரண்டு தெரிந்தன. வலப்பக்கத்தது மங்கல். சொக்கலிங்கம் அதைப் பொய்யென்று கழித்தார். இடப்பக்கத்து டோங்கியை நன்றாக ஒதுக்கிவிட்டு, சுக்கானை வலது பக்கம் திருப்பினார்.

"அண்ணே, ரெண்டு டோங்கி. நடுவுல வல போட்டிருக்கானுங்க."

"ஒண்ணுதாண்டா. எனக்குத் தெரியும்."

"ரெண்டுண்ணே!"

தண்ணீரிலிருந்து யாரோ "ரோக்கோ, ரோக்கோ" என்று நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். சுக்கான் கட்டை வழியாக அவர் உள்ளங்கையில் ஒரு சின்ன முட்டல் ஏறியது, மரத்தோடு மரம். அலி அக்பர் இஞ்சினை நிறுத்தினான். கூட்டம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தது.

வலப்பக்கத்தில் இப்போது விளக்கு இல்லை. சொக்கலிங்கம் இடப்பக்கத்து விளக்கையே பார்த்தார். அது ஒன்றாகத்தான் தெரிந்தது.