சத்தம் போடாத பெட்டி

எங்கள் வீட்டில் சொன்ன சொல் மாறியதில்லை. கடன் வாங்கிய வழக்கமும் இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று மோதும் நாள் வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

கணவர் காலமான பிறகு என் தங்கை என்னோடுதான் இருக்கிறாள். ஒலிப்புத்தகம் வெளியிடும் நிறுவனம் ஒன்று அவளிடம் மாதிரிக்கு ஓர் அத்தியாயம் படித்து அனுப்பச் சொன்னது. பழைய மடிக்கணினியில், அதன் ஃபேன் இரைச்சலோடு, பதிந்து அனுப்பினாள். 'குரல் அருமை. ஆனால் பின்னால் விமானம் இறங்குகிறதே' என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இன்னொரு முறை அனுப்பலாம், அதோடு சரி.

இது அவள் கொழுந்தன் காதுக்குப் போனது. நாலு பேர் நடுவில், "மச்சான் வீட்டுல ஒரு நல்ல கம்ப்யூட்டர்கூட இல்லையாமே" என்று சிரித்தான்.

"கடையில இருக்கிறதுலயே பெரிய பிராசசர் போட்டு வாங்கித் தரேன். வந்து பாரு" என்றேன்.

புதன்கிழமை கடைக்குப் போனோம். மாடியில் ஒரே அறை. பாகங்களைப் பூட்டிக் கணினி செய்து கொடுக்கும் அம்மாள், மேசை விளக்கின் கீழே ஒரு மதர்போர்டை வைத்தார். பார்க்கப் பார்க்க அது ஓர் ஊராக விரிந்தது. வெள்ளிக் கோடுகள் தெருக்களாயின. கறுப்புச் சில்லுகள் கதவடைத்த வீடுகள். நடுவில் யாரும் குடியேறாத ஒரு சதுர மைதானம். அந்தத் தெருக்களில் எங்கோ நடந்துகொண்டிருந்தேன். மழை நின்றபின் இருப்பதுபோல் அமைதி.

"ஐயா, தூங்கிட்டீங்களா?"

"பகல்ல தூங்குற பழக்கம் எனக்குக் கிடையாது."

அவர் விலை எழுதிய காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "நீங்க கேக்குற பிராசசரைப் போட்டா உங்க தொகையில பாதி அதுக்கே போயிடும். மிச்சத்துல மட்டமான ஃபேன், மட்டமான பவர் சப்ளைதான் கிடைக்கும். சூடு தணிய அந்த ஃபேன் கத்திக்கிட்டே இருக்கும்."

"கத்தட்டும்."

"அப்புறம் இந்தம்மா எதுக்கு வாயைத் திறக்கணும்?"

தங்கை சிரித்தாள். "கத்துறது எனக்குப் பழகிடுச்சும்மா. அண்ணன் வீட்டுலதானே இருக்கேன். மைக்குக்குத்தான் பழகாது."

குரல் பதிய இரண்டு படி கீழே உள்ள பிராசசரே தாராளம் என்றார் அந்த அம்மாள். மிச்சமாவதில் மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன், முனகாத பவர் சப்ளை, உள்ளே சத்தம் உறிஞ்சும் பஞ்சு ஒட்டிய கேபினெட் எல்லாம் அடங்கிவிடும். எனக்கு 'இரண்டு படி கீழே' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

அவர் இரண்டு ஃபேன்களை மேசையில் ஓடவிட்டார். தங்கை சின்ன ஃபேனுக்குப் பக்கத்தில் நின்று அத்தியாயத்தின் முதல் வரியைச் சொன்னாள். குரல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பெரியதின் பக்கத்தில் நின்று மறுபடி சொன்னாள். அது சுற்றுவதே தெரியவில்லை. குரல் மட்டும் அறைக்குள் தண்ணீர்போலப் பரவியது. மாடிப்படி ஏறிவந்த யாரோ ஒருவர் பாதிப்படியிலேயே நின்றுவிட்டார்.

"கீழ இருக்கிறதையே போடுங்க" என்றேன்.

பிறகு வராந்தாவுக்குப் போய் நானே கொழுந்தனுக்குப் போன் செய்தேன். அவனாகத் தெரிந்துகொள்வது எனக்கு மரியாதையில்லை.

"சொன்னபடி வாங்கல. ரெண்டு படி கீழதான்."

"ஏன் மச்சான், காசு பத்தலையா?"

"பத்தல."

அவனுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. "அண்ணியைக் கேட்டேன்னு சொல்லுங்க" என்று வைத்துவிட்டான்.

வியாழன் காலை பெட்டி தங்கையின் அறைக்கு வந்தது. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு பக்கம் படித்தவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"இன்னும் ஏதோ இரைச்சல் கேக்குது."

"பெட்டியா?"

"அது மூச்சே விடல. விடுறது நீதான் அண்ணா."

எழுந்து வெளியே வந்து, இரண்டு கையாலும் கதவைச் சாத்தினேன்.

திங்கட்கிழமை முழுப் புத்தகத்தையும் படிக்கும் வேலை அவளுக்கே வந்துவிட்டது. அன்று முதல் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை என் வீட்டில் நான் இருமுவதில்லை.