ஜன்னல் பக்கத்துக் கை

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பிரேக்கு என்றுதான் பெயர். கற்றுக்கொடுக்கிற காரில் இடது பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதன்மேல் காலை வைத்தபடி வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவள் அவள். பக்கத்தில் யாராவது ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்துக் கிடப்பார்கள். இவள் இடது முழங்கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டு, "கிளட்ச்ச மெதுவா விடுங்க, அது எங்கயும் ஓடிப் போயிடாது" என்பாள்.

அந்தக் காரில் ஏசி என்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் உள்ளே போகும், அவ்வளவுதான் அதன் வேலை. ஆகவே ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். வெயில் சும்மா இருக்குமா? இடது கை வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. வலது கை காருக்குள் நிழலிலேயே சொகுசாக வளர்ந்து மாநிறமாக இருந்தது. இரண்டையும் சேர்த்து நீட்டினால் இரண்டு பேரிடம் ஆளுக்கு ஒன்றாக இரவல் வாங்கி வந்த மாதிரி இருக்கும். கல்யாணம் நிச்சயமாகிற வரைக்கும் அவள் அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்தவள் இல்லை.

மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். ஒரு நாள் இவளிடம் கற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நடுச்சந்தியில் வண்டியை அணைத்துவிட்டு, மறுபடி கிளப்பத் தெரியாமல் திருதிருவென்று முழித்தார். பின்னால் நின்ற அத்தனை வண்டிகளும் ஹார்னில் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. அடிக்காமல் நின்றது ஒரே ஒரு லாரி, அதுவும் ஒட்டிப் பின்னால். ஜன்னலில் தொங்கிய கறுத்த வலது கை, நிதானமா பண்ணுங்க என்பதுபோல ஆடியது. அந்தக் கையைப் பார்த்த மாத்திரத்தில் இவளுக்குப் பிடித்துப்போயிற்று. மீதி ஆளைப் பிறகுதான் பார்த்தாள்.

லாரிக்காரர் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதற்கு மேல் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை, காரணம் சித்தி. பிரேக்கை வளர்த்தது சித்திதான். வீட்டு முன்னறையிலேயே பியூட்டி பார்லர் வைத்திருக்கிறவள். சித்தி பேச ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு டீ குடிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. கிளம்பும்போதுதான் அந்த அம்மா வாயைத் திறந்தார். பிரேக்கின் இடது கையை எடுத்து, புறங்கையிலிருந்து முழங்கை வரை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் கைய வெயில்ல விடக் கூடாதும்மா" என்றார். லாரிக்காரர் டீ டம்ளருக்குள்ளேயே சிரித்தார்.

கதவைச் சாத்தியதும் சித்தி பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா? நிறம் பாக்குறாங்க. இந்த வேலைய விட்டுட்டு வீட்டுக்குள்ள இருன்னு சொல்றாங்க. அதுவும் எவ்வளவு நாசூக்கா."

"அப்படியா சொன்னாங்க?"

"பின்ன? காருக்குள்ள உக்காந்துட்டு வெயில் படாம இருக்க முடியுமா உன்னால?"

பிரேக்கு தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். அந்த இடது சீட்டு அவளுக்கு உயிர். ஸ்கூல் முதலாளி வேறு, உள்ளே உட்கார்ந்து ஃபோன் எடுக்க ஆள் வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சீட்டும் வேண்டும், லாரிக்காரரும் வேண்டும். ஒன்றை விடு என்று யாராவது சொன்னால் எதை விடுவது? லாரிக்காரர் எங்கேயோ நெடுஞ்சாலையில் இருந்தார். ஃபோனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அவர் "ஆமாம், விட்டுடு" என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்திலேயே சாப்பாட்டையும் மழையையும் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவாள்.

சித்தி சும்மா இருப்பாளா. பார்லருக்கு வருகிறவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு செய்வதை வீட்டுப் பெண்ணுக்குச் செய்யாமல் எப்படி? தினமும் காலையில் தயிரும் எலுமிச்சம்பழச் சாறும் கலந்து பூசினாள். இடது கைக்கு மட்டும் போட்டால் வலது கை கோபித்துக்கொள்ளும் என்று இரண்டுக்கும் பூசினாள். இடது கை அசைந்து கொடுக்கவில்லை, அதே காப்பிக்கொட்டை. அது போதாதென்று, கல்யாண உடைக்கு மணிக்கட்டு வரை கை வைக்கச் சொல்லித் தையல்காரரிடம் ஆர்டரும் கொடுத்துவிட்டாள்.

அந்தத் தையல்காரர் பிரேக்கிடம் கார் கற்றுக்கொண்டிருந்தவர்தான். பழைய கார் ஒன்றை வாங்கி உறை போட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். அதற்குள் பூனை குட்டி போட்டுவிட்டது என்று வீட்டுக்காரம்மா நாள் தவறாமல் குத்திக்காட்டிக்கொண்டிருந்தாள். ஸ்கூல் காரில் ஏறியதும் அவர் மூக்கை உறிஞ்சினார்.

"டீச்சர், வண்டிக்குள்ள மோர் எதுவும் கொட்டிடுச்சா?"

"ரோட்டப் பாருங்க" என்றாள் பிரேக்கு.

அன்று சிக்னலில் நிற்கும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை உதித்தது. கறுத்த கையை வெளுக்க வைக்க முடியவில்லை, சரி. வெளுத்த கையைக் கறுக்க வைக்கலாமே? இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் இது பிறவி நிறம், வெயில் இல்லை என்று சாதித்துவிடலாம். அப்புறம் சீட்டை யார் பிடுங்குவது? யோசனை அவளுக்கே அவ்வளவு பிடித்துப்போயிற்று. சித்தியிடம் மூச்சுவிடவில்லை.

மறுநாள் தையல்காரர் வந்தபோது ஸ்டியரிங் முன்னால் பிரேக்கு உட்கார்ந்திருந்தாள். வலது கை ஜன்னலுக்கு வெளியே.

"ஏறுங்க அண்ணே. இன்னைக்கு நான் ஓட்டுறேன், நீங்க பாத்துக் கத்துக்குங்க."

தையல்காரர் மரியாதை தெரிந்தவர், பார்த்தார். அடுத்த நாளும் பார்த்தார். உச்சி வெயிலாகத் தேர்ந்தெடுத்து, நிழலே இல்லாத ரோடாகத் தேடிப் பிடித்து, டீச்சர் ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

"டீச்சர், எனக்கு டெஸ்ட் வருது. டெஸ்ட்ல நீங்கதான் ஓட்டப் போறீங்களா?" என்று கடைசியில் கேட்டேவிட்டார்.

"நாளைக்குத் தரேன் அண்ணே."

பாவம், அவள் கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. காலையில் சித்தி வெளுக்க வைக்கப் பூசியது வலது கையிலும்தான் இருந்தது. அவசரத்தில் தண்ணீரைக் காட்டிவிட்டு ஓடி வந்து, அதே கையை இவள் கறுக்க வைக்க வெயிலில் நீட்டினாள். எலுமிச்சைச் சாற்றுக்கும் வெயிலுக்கும் ஆகவே ஆகாது என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வெயிலில் பழகிய இடது கை தாங்கிக்கொண்டது. வலது கை நாலைந்து நாளில் கறுக்கவில்லை, சிவந்தது. ஒரு நாள் ஸ்டியரிங்கைத் தொடக்கூட முடியாமல் வண்டியை ஓரங்கட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே வரிசையாகக் கொப்புளம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

தையல்காரர் கையைப் பார்த்தார், இறங்கிச் சுற்றி வந்தார். "அந்தப் பக்கம் நகருங்க டீச்சர்."

ஆஸ்பத்திரி வரை அவர்தான் ஓட்டினார். ஒரு தடவைகூட வண்டி அணையவில்லை. ஒரே ஒரு தடவை, பஸ் குறுக்கே வந்தபோது மட்டும், அழுதுகொண்டே பிரேக்கு பிரேக்கை மிதித்தாள்.

ஆஸ்பத்திரியில் பேர் பதிகிற இடத்தில் கையைப் பார்த்ததும் தோல் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கட்டுப் போடுகிற அறையில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நின்றிருந்தது யார்? அத்தையாக வரப்போகிறவரேதான். பிரேக்குக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. தையல்காரர் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

அத்தை கையை வாங்கி முகர்ந்து பார்த்தார். "எலுமிச்சம்பழத்தத் தேச்சுட்டு வெயில்ல போனியா?"

"சித்தி தேச்சாங்க. வெயில்ல நானாத்தான் போனேன்."

"எதுக்கு?"

பிரேக்குக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "ரெண்டு கையும் ஒரே நிறமா இருந்தா நீங்க வேலைய விடச் சொல்ல மாட்டீங்கன்னு நினைச்சேன் அத்தை. எனக்கு அந்த சீட்ட விட்டா வேற ஒண்ணும் தெரியாது. உங்க பையனையும் விட முடியாது."

அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மருந்து வைக்க ஆரம்பித்தார்.

"நிறத்தைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசினேனா? கறுத்தா கறுத்துட்டுப் போகுது. எங்க வீட்டுல யாரு வெளுப்பு? நான் இந்த வார்டுல எத்தன வருஷமா இருக்கேன் தெரியுமா. ஒரே பக்கம் வெயில் வாங்கி வாங்கி, ஒரு கன்னம் மட்டும் சுருங்கி, ஒரு கை மட்டும் புள்ளி புள்ளியா வருவாங்க. சிலருக்கு அது புள்ளியோட நிக்கிறதில்ல. அதுக்குத்தான் அன்னைக்குச் சொன்னேன். கைய மூடிட்டுப் போன்னு."

"அப்ப வேலை?"

"வேலைய விட்டுட்டா?" அத்தை வாசலில் நின்ற தையல்காரரை மேலும் கீழும் பார்த்தார். "நீ பக்கத்துல இல்லாம இவங்களையெல்லாம் ரோட்டுல விட்டா, நாங்க வார்டு பத்தாம அலையணும்."

தையல்காரர் தொண்டையைக் கனைத்தார். பிரேக்குக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது.

கட்டுப் போட்டு முடித்ததும் அத்தை எழுந்து போய் மேசை இழுப்பறையைக் குடைந்தார். வெள்ளைத் துணியில், தோள் வரை ஏறுகிற ஒரு உறையை எடுத்து வந்தார். கட்டை விரலுக்குத் தனியாக இடம் விட்டுத் தைத்தது. ஒன்றே ஒன்று, இடது கைக்கு.

"இது ஜோடியா வாங்கினது. உன் வீட்டுக்காரனாகப் போறவன் வலது கைக்கு மட்டும் எடுத்துக்கிட்டான், ஜன்னல் அந்தப் பக்கம்தானேன்னு. அதையும் என் ஃபோன் வந்தாத்தான் மாட்டுவான். இதை வீசிட மனசு வரல, அப்படியே கிடந்துச்சு. அன்னைக்கு உன் இடது கையப் பாத்ததும் எனக்கு இந்த ஞாபகம்தான்."

பிரேக்கு அந்த உறையை அங்கேயே மாட்டிக்கொண்டாள். அளவெடுத்தாற்போல இருந்தது. இத்தனை நாள் பயந்து செத்ததை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

திரும்பும்போது இடது சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடி லாரிக்காரருக்கு ஃபோன் போட்டாள். "அன்னைக்கு டீ குடிக்கும்போது எதுக்குச் சிரிச்சீங்க?"

"இத்தன வருஷமா நான் ஒருத்தனா வாங்கிட்டிருந்த திட்டு. பங்கு போட ஆள் வந்தாச்சேன்னு சந்தோஷம்."

ஃபோனை வைத்துவிட்டுத் தையல்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, கல்யாண உடைக்குக் கை முழங்கைக்கு மேலேயே நிக்கட்டும்."

"சித்தி மணிக்கட்டு வரைக்கும்னாங்களே?"

"சித்தியா போடப் போறாங்க? கியர மாத்துங்க, வண்டி அழுவுது."

கல்யாணத்தன்று போட்டோக்காரர் பெரிய சிக்கலில் மாட்டிக்கொண்டார். பெண்ணின் வலது கையில் கட்டு. அதை மறைக்க, பெண்ணை மாப்பிள்ளைக்கு இடது பக்கம் நிற்கச் சொன்னார். அவள் கேட்கவில்லை. வலது பக்கமாகப் போய் நின்று, கட்டு எல்லோருக்கும் தெரியும்படி விட்டுவிட்டு, தன் இடது கையால் அவருடைய வலது கையைக் கோத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கத்துக் கை இரண்டும் அப்படி ஒன்று சேர்ந்தன.

போட்டோ வந்ததும் சித்தி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். நிறம் பார்த்தே பிழைக்கிறவள், அவளுக்கே பிடிபடவில்லை. கோத்திருந்த விரல்களைக் காட்டி, "இதுல எதுடி உன் கை, எது அவர் கை?" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை எட்டிப் பார்த்தார்.

"எதுவா இருந்தா என்ன சம்பந்தி? முதல்ல ரெண்டையும் மூடச் சொல்லுங்க" என்றார்.