கத்தியில் பெயர் தெரிய வேண்டும்

நான்காவது சேவலின் ரத்தம் கத்தியில் இருந்த கம்பெனிப் பெயரை மறைத்துவிட்டது, இன்னொன்றைக் கொண்டுவா என்றார் மோகன்குமார் சார்.

அவர் எங்கள் மார்க்கெட்டிங் மேனேஜர். ஓசூரில் நாங்கள் செய்கிற காட்டுக் கத்திக்காக ஒரு டிவி நிகழ்ச்சியையே கம்பெனி தன் செலவில் நடத்துகிறது. ஏழு பேர், கையில் ஒரு கத்தி, காட்டில் உயிர் பிழைக்க வேண்டுமாம். காடு என்பது கிருஷ்ணகிரி பக்கத்தில் காய் பறித்து முடித்த ஒரு மாந்தோப்பு. மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உயிர் பிழைக்கிறவர்கள் பொழுது சாய்ந்ததும் காரேறி ஓட்டலுக்குப் போய் ஏசியில் தூங்கினார்கள். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பு.

நானும் திம்மராயனும் கத்திகளுக்குச் சாணை பிடித்துக் கொடுக்க வந்தவர்கள். இரண்டு பேரும் ஆறு வருடமாகக் கான்ட்ராக்ட். திங்கட்கிழமை பர்மனென்ட் லிஸ்ட் வருகிறது, உங்கள் ரெண்டு பேர் பெயரையும் நான்தான் எழுதியிருக்கிறேன் என்று சார் வேனிலேயே சொல்லிவிட்டார். என் மனைவி சுமலதா அதைத் தெருவெல்லாம் சொல்லி முடித்திருப்பாள்.

சேவலை அறுக்க வேண்டியவர் ஒரு சீரியல் நடிகர். கழுத்தில் கை வைத்ததுமே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். கேமராவில் கை மட்டும் தெரிந்தால் போதும், வேறு ஆள் பாருங்கள் என்றார் டைரக்டர். கூர் பார்க்க நாங்கள் முன்கை மயிரைத்தான் மழித்துப் பார்ப்போம். அதனால் சாணைப் பிரிவில் எல்லோருக்கும் கை மொழுமொழுவென்று இருக்கும். நடிகருக்கும் அப்படித்தான், அவருக்கு அது பார்லரில். அவர் சட்டையை எனக்கு மாட்டிவிட்டார்கள்.

கோழி அறுக்காதவன் இல்லை நான். அறுத்தால் குழம்பு வைப்போம், பிள்ளைகள் ஈரலுக்குச் சண்டை போடும். இங்கே முதல் சேவல் கேமராவுக்கு வெளியே துடித்தது என்று வீண். இரண்டாவதில் நிழல் விழுந்ததாம். மூன்றாவதில் நடிகரின் கத்தல் சரியாகச் சேரவில்லையாம். எல்லாம் குழியில் கிடந்தன, ஈ மொய்த்தது. கேன்டீனுக்காவது கொண்டுபோகிறோமே என்று கேட்டேன். வெளியே தெரிந்தால் வம்பு, மண்ணைத் தள்ளி மூடுங்கள் என்றார்கள். ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டார்கள். சீ, மனுசர்களா இவர்கள். நாலு கழுத்தை அறுத்துக் கொடுத்த என் கையும் எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஐந்தாவதைக் கால்கட்டோடு என் கையில் கொடுத்தார்கள். அதன் நெஞ்சு படபடவென்று என் உள்ளங்கையில் அடித்தது.

"ஒண்ணே ஒண்ணு மாதேஷ். பிளேடுல நம்ம பேரு தெரியணும்ப்பா. அதுக்குத்தான இவ்ளோ செலவு."

"பேரு தெரியணும்னா தொடச்ச கத்தியக் காட்டுங்க சார். இதுக்கு மேல என்னால ஆவாது."

"திங்கக்கெழம லிஸ்ட் போடணும்," என்றார் சார். குரலை உயர்த்தவே இல்லை.

நான் குனிந்து சேவலின் கால்கட்டை அவிழ்த்தேன். அது ஓடிவிடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. இரண்டு எட்டு வைத்து, ரத்தம் ஊறிய மண்ணைக் கிளறிக் கொத்த ஆரம்பித்தது. சட்டையைக் கழற்றினேன். யாரிடம் கொடுப்பது என்று பார்ப்பதற்குள் திம்மராயன் பக்கத்தில் வந்து நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு, அதன் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டு, சேவலைக் கூப்பிடுவதுபோல மெல்ல நாக்கைத் தட்டினான்.