ஓரம் சேர்ந்தால் போதுமா

என் வீட்டுக்காரர் முனியராஜ், சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் மெஷின்மேன். நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. அதோடு விட்டால் பரவாயில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் என் மண்டைக்குள் இருப்பதையும் அப்படியே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு வலிப்பு. மாத்திரைக்கு அடங்கவில்லை. ஒருநாள் மகளை இடுப்பில் வைத்திருந்தபோதே வந்துவிட்டது. அன்றிலிருந்து பெற்ற பிள்ளையோடு என்னைத் தனியாக விடுவதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வலிப்பு மூளையில் எங்கே கிளம்புகிறது என்று கண்டுபிடிக்க, மெல்லிய கம்பிகளை உள்ளே இறக்கியிருந்தார்கள்.

டாக்டர் யோகலட்சுமி கம்ப்யூட்டரில் இரண்டு படங்களைக் காட்டினார். கம்பி போடுமுன் எடுத்த ஸ்கேன்மேல், போட்டபின் எடுத்ததைப் பொருத்திய படங்கள். ஒன்று பழைய முறை. இன்னொன்று டீப் லேர்னிங். நிறையப் பேருடைய ஸ்கேன்களைக் காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்கிய புது முறை. கம்பி நிற்கும் இடம் இரண்டிலும் கொஞ்சம் வேறுபட்டது. புதுப் படத்தை வைத்து, வலிப்பு கிளம்பும் இடத்தை எடுக்கும் ஆபரேஷனைச் செய்யலாம் என்றார் டாக்டர்.

இவர் திரையிலேயே லென்ஸை வைத்துவிட்டார்.

"பழசுல மண்டையோடு கச்சிதமா உக்காந்திருக்கு. புதுசுல விலகியிருக்கே. ஓரம் சேந்தா உள்ளயும் சேரும் டாக்டரம்மா."

"கம்பி போட்டதுல மூளை லேசா நகர்ந்திருக்குங்க. ஓடு நகராது. புதுசு மூளையைப் பார்த்துப் பொருத்துது. நாங்களும் ஒவ்வொரு கம்பியா சரிபார்த்துட்டோம்."

இவர் கேட்டால்தானே. தலைக்கட்டோடு கிடந்த எனக்குக் கோபம் வந்தது.

"போன ஐப்பசி மழையில தாள் நமத்து விரிஞ்சுபோச்சுன்னு ஒரு லோடு காலண்டர் திரும்பி வந்துச்சே, மறந்துட்டீகளா? ஓரம் அம்புட்டும் சரியாத்தான் இருந்துச்சு. முருகனுக்கு உதடுதான் கன்னத்துல இருந்துச்சு."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இவர் சிரிக்கவில்லை.

"தாள் கெட்டா கிழிச்சுப் போட்டுட்டு வேற தாள் வைப்பேன்." "உனக்கு வேற தாளுக்கு எங்கன போவேன்?"

"பயமா இருக்குன்னு சொல்லுங்களேன். படத்தை ஏன் குறை சொல்றீக?"

"பயமாத்தான் இருக்கு."

எனக்கும்தான் பயம். ஆனால் சொந்தப் பிள்ளையைத் தூக்கக் காவலுக்கு ஆள் தேடும் வாழ்க்கை, அதைவிடப் பெரிய பயம்.

"நாள் சொல்லுங்க டாக்டரம்மா," என்றேன்.

இவர் லென்ஸைச் சட்டைப்பையில் போட்டார்.

"நல்லாகி வீட்டுக்கு வந்ததும், பிள்ளைய உன் கையில குடுத்துட்டு, நான்பாட்டுக்கு வேலைக்குப் போயிருவேன்," என்றார்.