துப்பாக்கிப் பெட்டகத்துக்கு ஒரு விளக்கு

நவம்பரில் எனக்கு ஒன்பது நாள் விடுமுறை உண்டு. மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமைக்கு முதல் நாள், என் கணவர் வெர்லின் பிக்கப் வண்டியில் கம்பளிகளையும் காப்பிக் கெட்டிலையும் ஏற்றிக்கொண்டு காட்டுக் குடிசைக்குப் போய்விடுவார். அங்கே அவரோடு நான்கு கிழவர்கள். இங்கே நான் தனி ராணி. ராச்சாப்பாட்டுக்குச் சோளப்பொரி. சீட்டாட ஜாய்ஸும் மற்ற தோழிகளும் வருவார்கள். காலுறை எங்கே என்று என்னைக் கேட்க ஆள் கிடையாது. விஸ்கான்சினின் வடக்கே பாதிப் பெண்கள் இந்த ஒன்பது நாளுக்காகத்தான் மீதி வருஷத்தைப் பொறுத்துக்கொள்கிறோம்.

இந்த வருஷம் அதற்கு வேட்டு வைத்தார் மனிதர்.

"நான் போகல," என்றார், அக்டோபர் கடைசியில், சூப்பை ஊதிக்கொண்டே.

"உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. போகல, அவ்வளவுதான்."

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். எங்கள் பெட்டகத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு ரைபிள்கள். கல்யாணமான வருஷம் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. குழலில் பொறித்த எண்ணைத் தவிர வித்தியாசம் இல்லை. என்னுடையதில் 243, சின்னத் தோட்டா. அவருடையது 308. போன வருஷம் என்னுடையதை உறையில் போட்டு எடுத்துப்போய்விட்டார். விடியற்காலையில் மரத்துப் பரணில் ஏறி உட்கார்ந்து தோட்டாவைப் போட்டால் உள்ளே போகவில்லை. இறங்கலாம் என்று எழுந்தவர் முன்னால், பத்துக் கிளைக் கொம்போடு ஒரு மான் வந்து நாற்பது அடியில் நின்று, அவரை நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனதாம்.

குறி தவறியவனின் சட்டைப் பின்நுனியை வெட்டிச் சுவரில் ஆணியடிப்பது அந்தக் குடிசையின் வழக்கம். சுடவே இல்லையே, இது குறி தவறியதில் சேருமா என்று அரை நாள் விவாதித்து, வாக்கெடுத்து, நாலுக்கு ஒன்று என்று வெட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து தேவாலயத்திலும் பெட்ரோல் போடும் இடத்திலும் இதே பேச்சு. "என்ன வெர்லின், இன்னைக்கு உன் வண்டியத்தான் ஓட்டிட்டு வந்தியா, இல்ல லவோன் வண்டியா?" லவோன் நான்தான்.

எல்லாம் இருட்டால் வந்த வினை. எங்கள் நிலவறையில் ஒரே ஒரு பல்பு, அதுவும் படிக்கட்டின் மேல். பெட்டகத்தின் முன்னால் நின்றால் நம் நிழலே உள்ளே விழும். விளக்குப் போட்டால் மனிதர் கிளம்பிவிடுவார் என்று ஜாய்ஸிடம் சொன்னேன்.

"போட்டும் போகலன்னா?" என்றாள்.

"நானே அந்தப் பெட்டகத்துக்குள்ள போய் ஒன்பது நாள் உக்காந்துக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை அவர் பனிக்கால டயர் மாற்றப் போனதும் வேலையில் இறங்கினேன். கதவைத் திறந்தால் தானாக எரியும் எல்.இ.டி. பட்டை வாங்கி வைத்திருந்தேன். துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தோட்டா இல்லை என்று பார்த்து, சுவரில் சாய்த்தேன். பின்பக்கத்து ஓட்டை வழியாக ஒயரைக் கொண்டுவந்தேன். பட்டையைப் பின்சுவரில் ஒட்டினால் கண்ணைக் கூசும். வாசல் சட்டத்தின் உள்விளிம்பில், உள்பக்கம் பார்த்து ஒட்ட வேண்டும். அதற்குள் முட்டி கழன்றுவிட்டது. எல்லாவற்றையும் பழையபடி அடுக்கிக் கதவைச் சாத்தினேன். மறுபடி திறந்தேன். உள்ளே பளிச்சென்று நகைக்கடை.

மூன்று தடவை சாத்திச் சாத்தித் திறந்து பார்த்தேன். மூன்றாம் தடவைதான் அது கண்ணில் பட்டது.

குழல்களைச் சாய்த்து வைக்கும் பலகையில் வரிசையாகப் பள்ளங்கள், எல்லாவற்றிலும் பச்சைத் துணி ஒட்டியிருக்கும். மூன்றாம் பள்ளத்தில் மட்டும் துணி வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. முப்பத்தெட்டு வருஷமாக வெர்லின் எடுத்து வைத்த இடம். அதில் இப்போது நின்ற ரைபிளின் எண் 243. பத்து நிமிஷத்துக்கு முன் அதை அங்கே வைத்தவள் நான்.

ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று பெட்டகத்தின் அடியில் கிடக்கும். ஒவ்வொரு வருஷமும் வேட்டைக்கு ஒரு வாரம் முன்னால் துப்பாக்கிகளை வெளியே எடுத்து, அந்த டப்பாவை ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைப்பது என் வேலை. போன வருஷமும் அந்தப் படிக்கட்டு பல்பின் கீழேதான் திரும்ப அடுக்கினேன்.

பேசாமல் மாற்றி வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் ஊர் வாய் முழுக்க என் பெயர்தான். ஒரு நிமிஷம் யோசித்தேன், அதையும் மறைக்கவில்லை. வெளியே வண்டிச் சத்தம் கேட்டது.

"வெர்லின், கொஞ்சம் கீழ வா."

"எதுக்கு?"

"வான்னா வா."

வந்தார். விளக்கைப் பார்த்தார். மூன்றாம் பள்ளத்தைக் காட்டினேன், டப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் அந்த வழுக்கைத் துணியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"அப்ப நான் மூணாவதுலதான் எடுத்திருக்கேன்," என்றார்.

"ஆமா. தப்பு என்னோடது. அவனுங்க கிண்டலுக்கு இனிமே என் பேரச் சொல்லிக்கோ."

"கிண்டல் என்ன பெரிய கிண்டல். நான் அவனுங்களப் பண்ணாததா?" படியில் உட்கார்ந்தார். "எல்ராய்க்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல கார் சாவி."

எல்ராய் அவருடைய அண்ணன். இரண்டு வருஷமாக முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போகும்போதெல்லாம் வெர்லினைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறார்.

"மூணாவதுல எடுத்தேன்னு சத்தியம் பண்ணுவேன். ஆனா கையில வேற துப்பாக்கி. அப்ப யார் மேல சந்தேகப்படறது? என் தலை மேலதான். மறந்துபோறவன் கையில ரைபிளக் குடுத்து நாலு பேர் நடுவுல விடலாமா?"

சீட்டுக்கட்டையும் சோளப்பொரியையும் நினைத்துக்கொண்டு ஒரு வருஷம் இந்த மனிதரின் பக்கத்தில் படுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுதும்விட்டேன்.

"என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல, கல்லுளிமங்கா."

"சொன்னா நிஜமாயிடுமோன்னு பயம்."

அவர் எழுந்து பெட்டகக் கதவைச் சாத்தினார், திறந்தார். விளக்கு எரிந்தது. முகமெல்லாம் பல்.

"நல்லா ஒட்டியிருக்க," என்று சொல்லிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாண்டி மேலே ஓடினார். அறுபத்தெட்டு வயது.

சமையலறையிலிருந்து நான்கு பேருக்கும் வரிசையாகப் போன் போட்டார். முதல் ஆளிடம், லவோன் தெரியாமல் மாற்றி வைத்துவிட்டாள் என்றார். இரண்டாம் ஆளிடம் அந்தத் 'தெரியாமல்' காணாமல் போயிற்று. நாலாம் ஆளிடம் பேசும்போது, காட்டில் சொந்தப் புருஷனை அவமானப்படுத்த நான் ஒரு மாதம் திட்டம் போட்டிருந்தேன். சிரிப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. நான் அடுப்பருகே காப்பி போட்டபடி, ஒரு வார்த்தையையும் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.